திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாக வருபவர்கள்: எதை, எங்கே, எந்த வரிசையில் படிப்பது

நம் மாவட்டத்தில் சிறுவர் பாதுகாப்புப் பணிக்கு ஆட்கள் பல வழியாக வருகிறார்கள். ஒருவர் கலைப் பட்டம் முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி, பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தராகிறார். இன்னொருவர் உயர்தரம் எழுதிய கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்கிறார். சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார் இருக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியைகள், பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் புதிதாக அமர்த்தப்பட்டவர்கள் என்று இன்னும் பலர். இவர்களில் நிறையப் பேருக்குக் கிடைக்கிற ஆரம்பப் பயிற்சி ஒரு இரண்டு நாள் செயலமர்வு, ஒரு சான்றிதழ். அடுத்த கிழமையே முதல் முறைப்பாடு மேசைக்கு வந்துவிடும்.

ஊசி போடுகிற தாதிக்கு இந்த நாட்டில் மூன்று வருடப் பயிற்சி கொடுக்கிறோம். வீட்டுக்குள் அடிபட்ட, துன்புறுத்தப்பட்ட ஒரு பிள்ளையிடம் போய்ப் பேசி, அந்தப் பிள்ளை இனி எங்கே தூங்கும் என்ற முடிவில் பங்கெடுப்பவருக்கு இரண்டு நாள் போதும் என்று எப்படி நினைக்கிறோம்? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முறையான படிப்பு வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் அது நிற்காமல் தொடர வேண்டும். அதில் பெரும் பகுதி தமிழில், இங்கேயே கிடைக்க வேண்டும். இப்போதைக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. நாமே துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், யார் எந்த வேலை செய்கிறார் என்று படியுங்கள்

எந்தக் கற்கைநெறிக்கும் விண்ணப்பிக்கும் முன்னர் இதைச் செய்துவிடலாம். காசு செலவில்லை, இரண்டு கிழமை போதும். புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய அரசின் நிறுவனம். மாவட்ட, பிரதேச மட்டத்தில் அதற்குச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கம் இவர்களுடையது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவை அப்படியில்லை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு அது மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். அதனால் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிற, சிறுவர் இல்லங்களை மேற்பார்வை செய்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். அதே துறையின் மத்திய திணைக்களம் பிரதேச செயலகங்களுக்குச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்களை நியமிக்கிறது. ஆக, ஒரே செயலகக் கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இருவர் இரண்டு வெவ்வேறு தலைமைக்குப் பதில் சொல்பவர்களாக இருக்கலாம். இது தெரியாமல் கடிதம் எழுதினால் அது தவறான மேசையில் கிடக்கும். பிள்ளை காத்திருக்கும்.

இவர்களோடு பொலிஸ், வைத்தியசாலையின் சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம், வலயக் கல்வி அலுவலகம், கிராம உத்தியோகத்தர், வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தர் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னவரை மறந்துவிட வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இருக்கிற வீடுகளை அவரளவுக்கு அறிந்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

நம் மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். பட்டினமும் சூழலும் பிரிவில் பொலிஸ், வைத்தியசாலை, நீதிமன்றம் எல்லாம் கிட்டடியில். வெருகலிலோ பதவி சிறிபுரவிலோ நிலைமை அப்படியில்லை. அதனால் உங்கள் பிரிவுக்கென்று ஒரு பயிற்சி செய்யுங்கள். மூதூர்ப் பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி இரவு எட்டு மணிக்கு 1929க்கு ஒரு அழைப்பு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் யாரிடம் வரும், யார் அந்த வீட்டுக்குப் போவார், பிள்ளையை எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள், இரவு எங்கே தங்க வைப்பார்கள், அடுத்த நாள் நீதவான் முன் யார் நிற்பார்? ஒவ்வொரு படியையும் அந்தந்த அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது ஆட்களையும் தெரிந்திருக்கும், ஓட்டைகளும் தெரிந்திருக்கும்.

வைத்தியசாலைக்குப் போகும்போது நட்பு நிலையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வைத்தியசாலைகளில் நடத்தப்படும் நிலையம் அது. தாய்க்கு அடி விழுகிற வீட்டில் பிள்ளையின் கதையும் அங்கேதான் முதலில் வெளியே வருவதுண்டு.

சட்டத்தை வயதை வைத்துப் படியுங்கள்

சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். எனக்குப் பிடித்த வழி, வயதுகளை நிரல்படுத்தி ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிற சட்டத்தைத் தேடிப் படிப்பது.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பிள்ளை. கட்டாயக் கல்வி 5 முதல் 16 வயது வரை. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது. அபாயமான தொழில்களுக்கு 18 ஆக வேண்டும். குற்றப் பொறுப்பு வயது நெடுங்காலம் எட்டாக இருந்தது; 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி 12 ஆக்கினார்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மிக முக்கியமானது. பாலியல் உறவுக்கான சம்மத வயதை 16 ஆக்கியதும், சிறுவர்களைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாகச் சேர்த்ததும் அதுதான். பொதுவான திருமணச் சட்டத்தின்படி மணவயது 18. முஸ்லிம் திருமணங்கள் 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் வேலை செய்யப் போகிறவர் அந்தச் சட்டத்தையும் படித்திருக்க வேண்டும். முஸ்லிம்களின் திருமண, விவாகரத்து விடயங்களைக் கேட்கிற காதி நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், பள்ளிவாசல் நிர்வாகத்தோடு மரியாதையாகப் பேசிப் பழகியிருக்கவும் வேண்டும். தூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்பவரை ஊர் கிட்டே சேர்க்காது.

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டில் புதிதாக இயற்றப்பட்ட பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆனால் திருத்தங்களோடு சேர்த்து வாசியுங்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு பழைய வயதைச் சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடிப்படைத் தகைமை எடுப்பது

இதற்கு ஒரே பதில் இல்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உயர்தரம் முடித்து, இதையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்க நினைப்பவராக இருந்தால், சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தை முதலில் பாருங்கள். 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. சமூகப்பணியில் டிப்ளோமாவும் பட்டமும் அங்கே உண்டு. உளவளத்துணையிலும் கற்கைநெறி இருக்கிறது. சமூகப்பணிப் படிப்பின் பெரிய பலம் களப்பயிற்சி. வகுப்பில் கேட்டதை ஒரு நிறுவனத்தில், மேற்பார்வையாளர் ஒருவரின் கண்ணுக்குக் கீழே செய்து பார்க்க வைப்பார்கள். நம் மாவட்டத்திலிருந்து சீதுவை தூரம்தான். தங்குமிடச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ சமூகவியல், உளவியல் போன்ற பாடங்களில் பட்டம் எடுத்தவர்களுக்கு ஒரு நல்ல அத்திவாரம் இருக்கிறது. ஆனால் அது சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி ஆகிவிடாது. சமுதாயத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது வேறு. அழுகிற பிள்ளைக்கு முன்னால் உட்காருவது வேறு. உங்களுக்குத் தேவை ஒரு வருட அளவிலான டிப்ளோமா. உளவளத்துணையோ, சமூகப்பணியோ, சிறுவர் உரிமையோ, எதுவானாலும் களப்பயிற்சி உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள்.

முன்பள்ளி ஆசிரியைகளும் சிறுவர் இல்லப் பணியாளர்களும் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பிள்ளைப்பருவக் கல்வி டிப்ளோமாவைப் பற்றி விசாரிக்கலாம். வேலையை விடாமல் படிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. ஒரு காலத்தில் கிண்ணியாத் துறையில் படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்துதான் அந்தப் பயணம். 2009இல் பாலம் திறந்தபின் மூதூர், வெருகல் வழியே மட்டக்களப்புப் போய்வருவது எவ்வளவோ சுலபம். பல்கலைக்கழகப் பக்கம் போக வசதியில்லாதவர்களுக்குச் சிறுவர் பராமரிப்பு சார்ந்த என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) கற்கைநெறிகள் உண்டு. அனுபவம் நிறைய இருந்தும் கையில் கடதாசி இல்லாத இல்லப் பணியாளர்களுக்கு இது நல்ல வாசல்.

சேருவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, விரிவுரை, குறிப்புகள், பரீட்சை மூன்றுமே தமிழிலா? சில இடங்களில் விளம்பரம் தமிழில் இருக்கும், குறிப்பு ஆங்கிலத்தில் வரும். இரண்டு, இந்தத் தகைமை இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம்? டிப்ளோமா என்றால் 3, உயர் டிப்ளோமா 4, பொதுப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. டிப்ளோமா என்று பெயர் வைத்துவிட்டு எந்த மட்டத்திலும் சேராத படிப்புகள் சந்தையில் கிடக்கின்றன. தொழில்சார் படிப்பு என்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதியப்பட்டதா, அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறி அங்கீகரிக்கப்பட்டதா என்று இரண்டையும் தனித்தனியே பாருங்கள். மூன்று, களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை செய்வார்? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பிள்ளையோடு பேசப் பழகுவது

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். சட்டம் தெரியாவிட்டால் பக்கத்து மேசையில் கேட்கலாம். பிள்ளையோடு இருக்கிற முதல் பத்து நிமிடத்தில் யாரையும் கேட்க முடியாது.

அடிப்படை விதி ஒன்றுதான். விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "மாமா உங்களைத் தொட்டவரா?" என்று கேட்டால் பிள்ளை ஓம் என்றும் சொல்லும், இல்லை என்றும் சொல்லும், பெரியவர் எதை எதிர்பார்க்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு துண்டு சொன்னால், "பிறகு?" அவ்வளவுதான். "நீங்கள் குசினிக்குள்ளே இருந்தது என்று சொன்னீங்கள். அதைப் பற்றி இன்னும் சொல்லுங்கோ." பிள்ளை சொன்ன சொல்லையே திருப்பிக் கொடுக்கிறீர்கள், புதிதாக எதையும் நுழைக்கவில்லை. "ஏன் அம்மாவுக்கு அப்பவே சொல்லவில்லை?" என்பதை மட்டும் எந்தச் சந்தர்ப்பத்திலும் கேட்க வேண்டாம். அது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும்.

இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை "ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ" என்று கெஞ்சும். "உங்களைப் பாதுகாக்கிறதுக்கு யாருக்குச் சொல்ல வேணுமோ அவைக்கு மட்டும் சொல்லுவன், மற்ற ஆக்களுக்குச் சொல்ல மாட்டன்" என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொல்லிப் பழக வேண்டும். வாயில் தானாக வராது.

நம் ஊர் வீடுகளுக்கென்று சில விடயங்கள் உண்டு, வெளிநாட்டுக் கைநூல்களில் இவை இருக்காது. அரச உத்தியோகத்தர் ஒருவர் வந்திருக்கிறார் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். தேத்தண்ணி வரும். பிள்ளைக்குப் பதிலாக அம்மம்மா பேசுவார். தனியாகக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் கதைக்கத் தொடங்கிவிடும். ஆகவே எல்லார் கண்ணிலும் படுகிற, ஆனால் யார் காதிலும் விழாத இடம் ஒன்றைத் தேடுங்கள். கிணற்றடி, மாமர நிழல், முன்பள்ளிக் கட்டடத்தின் மறுபக்கம். பெண் பிள்ளை என்றால் பெண் உத்தியோகத்தர் பேசுவதே பெரும்பாலும் நல்லது, ஆனாலும் பிள்ளைக்கு யாரோடு பேச விருப்பம் என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: இங்கே வீட்டுக்கு வந்துபோகிற எந்த ஆணும் பிள்ளைக்கு மாமாதான். பிள்ளை மாமா என்று சொன்னவுடன் தாயின் தம்பியை எழுதிவிட்டால் ஒரு அப்பாவி சிக்கிவிடுவார், செய்தவர் தப்பிவிடுவார். "எந்த மாமா, எங்கே இருக்கிறவர்?" என்று ஆறுதலாகக் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

இதையெல்லாம் வாசித்துப் பழக முடியாது. மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் உத்தியோகத்தர், ஒருவர் பிள்ளை, ஒருவர் பார்வையாளர். பிள்ளையாக நடிப்பவருக்கு ஒரு துண்டுக் கடதாசியில் கதையை எழுதிக் கொடுங்கள். விரிந்த கேள்வி கேட்டால் மட்டும் கதையில் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். ஆம், இல்லை என்ற கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். அதட்டினால் வாயை மூடிவிட வேண்டும். பார்வையாளர் தாளில் மூன்று நிரல் போட்டு, விரிந்த கேள்வி எத்தனை, மூடிய கேள்வி எத்தனை, விடையை ஊட்டிய கேள்வி எத்தனை என்று கோடு போடுவார். பத்து நிமிடம். பிறகு இடம் மாறுங்கள். முதல் தடவையில் மூன்றாம் நிரல்தான் நிரம்பும். மௌனத்தைத் தாங்கத் தெரியாமல்தான் நாம் விடையை ஊட்டுகிறோம். மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பழகினால் பாதி வித்தியாசம் அப்போதே தெரியும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வினோனா அரச பல்கலைக்கழகத்தில் இதையே பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக்கினார்கள். வீடு மாதிரி அமைத்த அறைகளுக்குள் மாணவரை அனுப்பி, நடிகர்களைப் பெற்றோராக நிறுத்தி, கதவைத் தட்டுவதிலிருந்து வழக்குமன்றில் சாட்சி சொல்வது வரை செய்து பார்க்க வைத்தார்கள். சமூகப்பணி, பொலிஸ், ஆசிரியர், தாதி என்று எந்தத் துறைக்குப் போகப் போகிறவர்களும் ஒரே வகுப்பில். அந்த யோசனை அங்கே பல கல்லூரிகளுக்குப் பரவியது. அவ்வளவு செலவழிக்க நமக்கு வழியில்லை, ஆனால் பிரதேச செயலகக் கேட்போர் கூடம் ஒன்றும் நாலு பிளாஸ்டிக் கதிரையும் இருந்தால் இதன் சாரத்தைச் செய்துவிடலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். நீங்கள் விசாரணை அதிகாரி இல்லையென்றால், பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா, உடனே என்ன தேவை என்று அறியுமளவுக்கு மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஆசிரியர் கேட்டு, அதிபர் கேட்டு, கிராம உத்தியோகத்தர் கேட்டு, பொலிஸ் கேட்டு, வைத்தியர் கேட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை அதே இடத்துக்குத் திரும்பிப் போகிறது. சிறுவரின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றில் முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் பகுதி வழக்குகளில் அது பயன்படுகிறதா, எப்படி என்று பொலிஸ் பிரிவிடம் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதப் பழகுவது

வழக்குக் குறிப்பு எழுதுவதை எந்தச் செயலமர்விலும் உருப்படியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பயிற்சிக்காக நான் எழுதிய இரண்டு குறிப்புகளைப் பாருங்கள். முதலாவது: "பிள்ளை பயந்துபோய் இருந்தது. தாய் கவனிப்பதில்லை. தகப்பன் பொறுப்பில்லாதவர். குடும்பம் சரியில்லை."

இரண்டாவது: "மாலை 4.10. வீட்டு முற்றத்தில் சந்தித்தேன். பிள்ளை அம்மம்மாவுக்குப் பின்னால் நின்றது. பெயரை இரண்டு தடவை கேட்டும் பதில் சொல்லவில்லை. அம்மம்மா சொன்னது: 'மகள் குவைத்துக்குப் போய் எட்டு மாதம், தகப்பன் கடலுக்குப் போனால் நாலு நாள் வரமாட்டார்.' தகப்பனைச் சந்திக்கவில்லை. இடது முழங்கைக்குக் கீழே ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு காயம், காயவில்லை. பிள்ளை சொன்னது: 'விழுந்தனான்.' பாடசாலை வரவு: இந்த மாதம் ஆறு நாள், வகுப்பாசிரியர் சொன்னது."

முதலாவதில் உத்தியோகத்தரின் முடிவு இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதை ஆறு மாதம் கழித்து நீதவான் வாசித்தாலும், உங்கள் இடத்துக்கு மாற்றலாகி வந்தவர் வாசித்தாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். கண்டது, கேட்டது, யார் சொன்னது, நீங்கள் நினைப்பது. இந்த நாலையும் கலக்காமல் எழுதுங்கள். பிள்ளையின் சொல்லை அப்படியே எழுதுங்கள். உடலுறுப்புக்குப் பிள்ளை வீட்டில் பழகிய பெயரைச் சொன்னால் அதைத்தான் எழுத வேண்டும், மருத்துவச் சொல்லாக மாற்றக் கூடாது.

மொழி விடயமும் இங்கே வருகிறது. வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் தமிழ்ப் பிள்ளையின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிற நேரங்கள் உண்டு. கையெழுத்துக்கு முன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் கடமை. கந்தளாய், சேருவில, மொறவெவ, கோமரங்கடவலப் பக்கம் சிங்களப் பிள்ளைகளுக்கும் அதே நியாயம் வேண்டும். சிங்களம் பேசப் படியுங்கள். பணித் தேவைக்கு மட்டும் போதுமென்றால் ஆறு மாதத்தில் முடிகிற காரியம்.

ஊரின் கதையும் பாடத்தில் சேர்த்தி

எந்தப் பாடத்திட்டத்திலும் இதைக் காணவில்லை, ஆனால் இங்கே வேலை செய்ய இது வேண்டும். 2004 சுனாமி நம் கரையோரத்தை அடித்தது. 2006இல் போரினால் மூதூர் கிழக்கும் சம்பூரும் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி போன்ற முகாம்களில் வருடக்கணக்காக இருந்து, 2015க்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். இன்று பிள்ளை பெற்று வளர்க்கிற இளம் தாய், தகப்பன் பலர் அந்த முகாமில் வளர்ந்த பிள்ளைகள். பிள்ளையை அடித்து வளர்க்கும் வீட்டுக்குப் போகும்போது, அடிக்கிறவர் என்ன பார்த்து வளர்ந்தார் என்றும் தெரிந்திருந்தால் பேச்சே வேறு மாதிரித் தொடங்கும். அடி அடிதான், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிக்க இந்த அறிவு வேண்டும்.

அனர்த்த காலத்துக்கென்று தனியாக ஒன்று: அவசர நிலைமைகளில் சிறுவர் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரங்கள் என்று ஒரு சர்வதேசக் கைநூல் இருக்கிறது. 2019 பதிப்பில் 28 தரங்கள். ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியும் தண்ணீர் ஏறுகிற பிரிவில் வேலை செய்பவர், பிரிந்துபோன பிள்ளைகள் பற்றிய தரத்தையாவது மழைக்கு முன் வாசித்து வைக்க வேண்டும்.

வேலைக்குள் தொடர்ந்து படிப்பது

மாதம் ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம், ஒரு பிரிவின் ஆட்கள் ஒன்றாக இருந்து ஒரே ஒரு வழக்கைப் பேசுங்கள். பெயர், பாடசாலை, ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான். சிறுவர் உரிமை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், பொலிஸ் பிரிவு, குடும்பநல உத்தியோகத்தர், ஒரு ஆசிரியர். பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது, ஆனால் அங்கே முன்னேற்ற அறிக்கை வாசித்தே நேரம் போய்விடும். இது வேறாக நடக்க வேண்டும். என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எந்த இடத்தில் பிள்ளை காத்திருந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள தொடர்கல்வி வேறு இல்லை.

இந்த வேலை மனதையும் தின்னும். தூக்கம் கெடுகிறது, சொந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்பப் பயமாக இருக்கிறது என்றால் அது பலவீனம் இல்லை, வேலையின் பாரம். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், உளசமூக உத்தியோகத்தரைச் சந்தியுங்கள்.

நம் மாவட்டத்தில் இந்தப் படிப்பு விரிய வேண்டும் என்று கேட்கும்போது, எங்கே கேட்பது என்றும் சொல்ல வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் படிக்கிறவர்கள் நாளைக்குப் பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். தொடர்பாடல் படிக்கிறவர்கள் செய்தி எழுதுவார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பதை அவர்கள் முதல் வருடத்திலேயே அறிந்திருக்க வேண்டும். இரண்டு பீடத்துக்கும் பொதுவாக ஒரு சிறுவர் பாதுகாப்பு அலகு, அதோடு வேலை செய்பவர்களுக்கென்று வார இறுதியில் தமிழில் ஒரு சான்றிதழ் கற்கைநெறி. கேட்கத் தகுந்த கோரிக்கை இது. மாவட்டக் குழுவில் இருப்பவர்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து எழுத்தில் கொடுத்தால் நகரும். நன்கொடையாளரின் பணத்தில் இன்னொரு இரண்டு நாள் செயலமர்வை வைப்பதற்கு முன், அந்தப் பணத்தில் ஒருவரின் டிப்ளோமாக் கட்டணத்தைக் கட்டலாமா என்று நிறுவனங்கள் யோசிக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கான நடைமுறை பற்றிச் சுருக்கமாக. அரச பதவிகளும் பரீட்சைகளும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். மாகாணப் பதவிகளுக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைத் தனியாகப் பாருங்கள். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் எந்தக் கற்கைநெறிக்கும் திணைக்களத் தலைவர் ஊடாகவே விண்ணப்பிப்பது நல்லது, இல்லாவிட்டால் பரீட்சை லீவுக்கும் களப்பயிற்சி நாட்களுக்கும் பிறகு அலைய வேண்டி வரும். கடிதம் மேசை மேசையாகப் போய்வர நாளெடுக்கும். முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னரே கொடுத்துவிட்டு, முற்பிரதி ஒன்றை நேரடியாக நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.